அம்மா வளர்த்த புல்லும் நான் வளர்த்த புல்லும்

காலை பதினொரு மணி வெயிலில் தண்ணீர் விட்ட கொரியன் புல்லிலிருந்து ஒரு ஆவி எழும்பும். பக்கத்தில் துணி தேய்க்கும் 'அயனிங்' கூடத்திலிருந்து வரும் சூடான துணி வாசமும் அதனோடு கலந்து, மழை பெய்த மண்ணுக்கும் புதுப் பனியனுக்கும் இடையில் எதுவோ ஒன்றாக மூக்கில் ஏறும். செருப்பைக் கழற்றி அதன்மேல் காலை வைத்தால் பாதம் அரை அங்குலம் உள்ளே இறங்கும். அந்தப் புல்லை வளர்த்தவள் என் அம்மா. அதை அழித்தவள் நான்.

சாத்தான்குளம் பக்கத்திலிருந்து நாங்கள் திருப்பூருக்கு வந்தபோது எனக்கு எட்டு வயது. அப்பா அதற்கு முன்பே இறந்துவிட்டார். ராயபுரத்தில் ஒரு 'லைன் வீட்டில்' குடியிருந்துகொண்டு, அம்மா ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில், தைத்த துணியில் குறை பார்க்கும் 'செக்கிங்' வேலைக்குப் போனாள். ஒரே வருடத்தில் பஞ்சுத் தூசி அவளுடைய மூச்சைப் பிடித்துக்கொண்டது. படி ஏறினால் இளைத்தது. வேலையை விட்டுவிடுவாளோ என்று நான் பயந்துகொண்டிருந்தபோதுதான் கம்பெனியின் முன்பக்கம் புல்வெளி போடப்போவதாகச் சொல்லி அவளை அங்கே மாற்றினார்கள். சரக்கு வாங்க வரும் வெளிநாட்டு 'பையர்கள்' காரிலிருந்து இறங்கியதும் கண்ணில் படுவது பச்சையாக இருக்க வேண்டுமாம்.

அம்மா அந்த வேலைக்குள் அப்படியே இறங்கிவிட்டாள். செம்மண்ணைச் சலித்து, சாணி எருவைக் கலந்து, நான்கு விரல் இடைவெளியில் ஒவ்வொரு வேர்த்துண்டாக முழங்காலிட்டு நட்டாள். போர் தண்ணீர் உப்பென்று கண்டு, லாரித் தண்ணீருக்காக யார் யாரிடமோ கெஞ்சினாள். பள்ளி விட்டதும் நான் நேராக அங்கே போய், அவள் வேலை முடியும்வரை கேட் அருகே உட்கார்ந்திருப்பேன். கொரியன் புல்லுக்குள் எங்காவது அறுகு தலைகாட்டினால் மட்டும் அவள் முகம் மாறும். "இதுல ஒரு கணு மண்ணுக்குள்ள மிஞ்சுனாப் போதும் பிள்ள, எல்லாத்தையும் தின்னுட்டுத்தான் ஓயும்" என்று சொல்லிக்கொண்டே களைக்கொத்தால் ஆழமாகத் தோண்டி எடுப்பாள். மூன்று வருடம் அந்தப் புல்வெளியில் ஓர் அறுகைக்கூட அவள் வாழவிடவில்லை.

நான் எட்டாம் வகுப்பு படித்தபோது அது நடந்தது. சாயப் பிரிவில் சாக்கடை அடைத்துக்கொண்டதால், 'டிரம்'களைப் புல்வெளிக் குழாயடியில் கழுவச் சொல்லியிருந்தார் மேனேஜர். சாயம் ஏறுவதற்குப் போட்ட உப்பும் காரமும் கலந்த அந்தத் தண்ணீர் புல்லுக்குள் பாய்ந்து, மூன்றே நாளில் ஒரு கட்டில் அகலத்துக்குப் புல் வெந்து மஞ்சளானது. திங்கட்கிழமை பையர் வரப்போகிறார். சனிக்கிழமை மத்தியானம் மேனேஜர் வந்து அதைப் பார்த்தார். அவர் யாரையும் ஒருமையில் பேசாத மனிதர். எவ்வளவு கோபத்திலும் 'ங்க' போடாமல் ஒரு வாக்கியம் முடியாது.

"ஏனுங்க அம்மணி, இதை இப்படிச் சாகடிச்சு வெச்சிருக்கறீங்களே?"

"டிரம் கழுவுன தண்ணிதான் சார்..." என்று அம்மா தொடங்கினாள்.

"அதெல்லாம் வேண்டாமுங்க. டையிங்ல பச்சைச் சாயம் வாங்கிட்டு வந்து இதைப் பச்சையாக்கிப் போடுங்க."

அவர் வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று அம்மா நினைத்தாள். அவர் நகரவில்லை. ஒரு டப்பாவில் சாயமும் கிழிந்த பனியன் துணியும் வந்தன. அம்மா முழங்காலிட்டு, செத்த புல்லின் தாள்களைக் கொத்துக் கொத்தாகப் பிடித்துச் சாயம் தடவினாள். கையுறை யாரும் தரவில்லை. இரண்டு சூப்பர்வைசர்கள் போர்டிகோ நிழலில் நின்று சிரித்தார்கள். மேனேஜர் இடையிடையே விரல் நீட்டி, "அந்தப் பக்கம் கொஞ்சம் உட்டுப் போச்சுங்க அம்மணி" என்றார். நான் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தேன்.

மறுநாள் கோயிலில் நற்கருணை வாங்கும் வரிசையில், எப்போதும் கை நீட்டி வாங்கும் அம்மா, இரண்டு கைகளையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நாக்கை நீட்டி வாங்கினாள். மணிக்கட்டுவரை பச்சை. திங்கட்கிழமை வந்த பையர் போன் பேசிக்கொண்டே புல்லைத் திரும்பியும் பார்க்காமல் உள்ளே போனாராம். செவ்வாய்க்கிழமை அம்மாவை நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அம்மா அழவில்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் சமையல் வேலைக்குச் சேர்ந்தாள். நான்தான் சும்மா இருக்கவில்லை. வாய்க்கால் மேட்டிலிருந்து அறுகைப் பிடுங்கி வந்து, ஓட்டை எண்ணெய் டின்னில் நட்டு, அரிசி களைந்த தண்ணீர் ஊற்றி வளர்த்தேன். படிப்பில்கூட எனக்கு அவ்வளவு சிரத்தை இருந்ததில்லை. காலையில் எழுந்ததும் எத்தனை கொடி புதிதாக ஓடியிருக்கிறது என்று பார்ப்பேன். மெலிந்ததை எறிந்துவிட்டு முரடான கொடிகளை மட்டும் வைத்துக்கொள்வேன். அம்மா அந்த டின்னைப் பார்த்தாள். நான் பள்ளிச் சுற்றுலா போன இரண்டு நாளும் அதற்கு யாரோ தண்ணீர் ஊற்றியிருந்தார்கள்.

ஆயுத பூஜையன்று கம்பெனியில் குடும்பத்தோடு எல்லோரையும் உள்ளே விடுவார்கள். பக்கத்து வீட்டுச் செல்வியக்கா அங்கேதான் வேலை செய்தாள். அவளோடு நானும் போனேன். நூல் வெட்டும் சின்னக் கத்தரியால் கணுக் கணுவாக வெட்டிய அறுகுத் துண்டுகள், ஈரப் பனியன் துணியில் சுற்றி என் பாவாடை மடிப்பில் இருந்தன. பிள்ளைகளெல்லாம் புல்லில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தபோது, நான் கொண்டை ஊசியால் துளை போட்டு ஒவ்வொரு துண்டாக உள்ளே தள்ளினேன். பச்சைச் சாயம் பூசிய இடத்தில் புதுப் புல் பதித்திருந்தார்கள். அங்கே மட்டும் இருபது துண்டு. மேனேஜர் என்னைத் தாண்டிப் போகும்போது என் தட்டைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் சுண்டல் வாங்கிக்கங்க கண்ணு" என்றார்.

ஐப்பசி மழை எனக்காகவே பெய்தது. தை பிறந்தபோது அந்த மெத்தை போன்ற பச்சைக்குள் முரட்டு அறுகு திட்டுத் திட்டாக எழும்பி நின்றது. அம்மா இடத்தில் கொமரலிங்கம் என்ற ஊரிலிருந்து வந்த ஒருவரை வைத்திருந்தார்கள். ஆறுமுகம் என்று பெயர். அவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்கக் கொத்துவார். பாதிப் புல்வெளியைத் தோண்டிப் புதிதாகப் பதித்தார்கள். மூன்றாம் வாரம் அறுகு மறுபடி வந்தது. பள்ளி விட்டு வரும்போது வேண்டுமென்றே சுற்றிக்கொண்டு போய் கேட் வழியாகப் பார்ப்பேன். மேனேஜர் போர்டிகோவில் நின்று, "என்னங்க இது? என்னங்க இது?" என்று கத்துவதைக் கேட்ட அன்று எனக்கு இரண்டு தட்டுச் சோறு இறங்கியது. ஒருநாள் ஆறுமுகம் என்னைப் பார்த்துவிட்டார்.

"என்ன கண்ணு, உள்ள ஆரையாச்சும் பாக்கோணுமா?"

"இல்ல, சும்மாதான்."

"இந்தப் புல்லு எங்கிருந்துதான் வருதுன்னே தெரியல கண்ணு" என்று கொத்தை ஊன்றி நிமிர்ந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஓடிவிட்டேன்.

கோடை வருவதற்குள் அவரைக் காணவில்லை. புல்வெளியையே எடுத்துவிட்டு சிமெண்டுக் கல் பதித்தார்கள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். பல வருடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருடம் செல்வியக்கா மகளின் கல்யாணத்துக்கு அந்த மேனேஜர் வந்திருந்தார். முதுகு வளைந்துவிட்டது. நான் நேராகப் போய் அவர் முன்னால் நின்று, அம்மாவின் பெயரைச் சொல்லி, அவள் கையில் சாயம் பிடிக்கவைத்ததைச் சொல்லி, அறுகு நட்டது நான்தான் என்றும் சொன்னேன். அவர் முகம் சுருங்குவதைப் பார்க்க அத்தனை வருடம் காத்திருந்தேன்.

"மேரியா? அப்படி ஒருத்தங்க இருந்தாங்களா?" என்று யோசித்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "அந்தப் புல்லு நீங்க வெச்சதுங்களா அம்மணி! ஆறுமுகந்தான் மண்ணோட கொண்டாந்து உட்டுட்டாருன்னு அவரை அன்னைக்கே அனுப்பிப் போட்டமுங்க." சிரிப்பு அடங்காமலேயே பீடா வாங்கப் போய்விட்டார்.

கம்பெனி இப்போது இல்லை. அது யாருடைய குடோனாகவோ இருக்கிறது. புல்வெளி இருந்த இடத்தில் வடநாட்டுத் தொழிலாளர்களின் சைக்கிள்கள் நிற்கின்றன. சிமெண்டுக் கல் இடுக்கில்கூடப் பச்சை இல்லை. கொமரலிங்கத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், பேரை மட்டும் வைத்துக்கொண்டு விசாரித்துப் பார்த்தேன். எந்த ஆறுமுகம் என்று கேட்டார்கள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பூண்டு உரித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தவில்லை.

"அந்த ஆறுமுகம் ரெண்டு தடவ நம்ம வீட்டுக்கு வந்தாவ. இத எப்படிக்கா அழிக்கன்னு கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டாவ. ஒரு முழம் தோண்டி, மண்ணச் சலிச்சு, கணு ஒண்ணு விடாமப் பொறுக்கணும். எனக்குத் தெரியும். சொல்லல."

"ஏம்மா?"

"நான் ஏன் சொல்லணும்?"

ஆறுமுகம் என்னிடம் வந்து கேட்டிருந்தாலும், அந்த வயதில் நானும் சொல்லியிருக்க மாட்டேன்.