என் இசைக்குக் கோடு போட மாட்டேன்: குற்றாலச் சாரலில் நான்கு பேர், மூன்று நாள்

போன ஜூலை இரண்டாவது வெள்ளிக்கிழமை, சென்னையிலிருந்து நாங்கள் நான்கு பேர் தென்காசிக்கு ரயில் ஏறினோம். குளிக்கப் போகவில்லை, வாசிக்கப் போனோம். இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ. இந்தக் காலத்தில் எழுதப்படும் புது இசையை மட்டும் வாசிக்கும் சின்னக் குழு எங்களுடையது. வயோலா என் கையில். வயலினைவிடக் கொஞ்சம் பெரியது, குரலும் தடித்தது. அது என்ன வாத்தியம் என்று எல்லோரும் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

ஞாயிறு மாலை ஐந்தரைக்குத் தென்காசியில் ஒரு பள்ளி மண்டபத்தில் கச்சேரி. ஏற்பாடு செய்தது செல்லோ வாசிக்கும் சாகுலின் குடும்பம். அவர் அந்த ஊர்க்காரர். ஆனால் நான் போனதற்கு வேறு காரணம் உண்டு. நான் எழுதிய இசை ஒன்று நான்கு வருடமாக வாசிக்கப்படாமல் கிடந்தது. எட்டு நிமிடம்தான்.

எனக்கு அறுபத்தெட்டு வயது. அம்பத்தூரில் முப்பது வருடம் லேத் ஓட்டினேன். யாரிடமும் படிக்கவில்லை. நடைபாதையில் வாங்கிய, முதல் முப்பது பக்கம் கிழிந்த ஒரு புத்தகத்தை வைத்து நானாகவே கற்றேன். இன்றுவரை என்னிடம் கேட்டதில் பாதிக் கேள்வி 'சான்றிதழ் இருக்கிறதா?' என்பதுதான். இருக்கட்டும்.

மேற்கத்திய முறையில் எழுதும்போது, தாளக் கணக்குக்காக ஸ்வர வரிசையின் குறுக்கே செங்குத்துக் கோடுகள் போடுவார்கள். நான் போடவில்லை. தெரியாமல் இல்லை, வேண்டாம் என்றுதான். எல்லோரும் வாசிப்பை நிறுத்தவேண்டிய ஏழு இடங்களில் 'ஒரு மூச்சு' என்று மட்டும் எழுதியிருக்கிறேன். ஒரு மூச்சு நேரம் மௌனம், பிறகு நால்வரும் ஒன்றாகத் தொடங்கவேண்டும். முதல் வயலின் மாலதி முறையாகப் படித்தவர், இசைப் பள்ளி ஆசிரியை. "கோடு போட்டுக் கொடுங்க சார், நாளைக்கே வாசிக்கலாம்" என்பார். நான் மாட்டேன் என்பேன். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். குற்றாலத்தில் ஒத்திகை. ஒரே ஒரு தடவையாவது நிற்காமல், நான்கு பேரும் சேர்ந்து முடித்தால் தென்காசியில் வாசிப்போம். இல்லாவிட்டால் இனிமேல் அந்தப் பேச்சே கிடையாது.

செல்லோவோடு ரயிலில் போகிறவர்களுக்கு: ஸ்லீப்பரில் ஆளுக்கு 415 ரூபாய் ஆனது. செல்லோ பெட்டி இருக்கைக்கு அடியில் நுழையாது. எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் படுக்கையை செல்லோவுக்குக் கொடுத்துவிட்டு, சாகுலும் இரண்டாம் வயலின் ஜோயலும் ஒரே படுக்கையில் முறை வைத்துத் தூங்கினார்கள். காலை ஏழு மணிக்குத் தென்காசி. இறங்கும்போதே சாரல்.

நாங்கள் எடுத்த வீடு ஐந்தருவி போகும் சாலையில், நிலையத்திலிருந்து எட்டு கிலோமீட்டர். இரண்டு ஆட்டோ, ஒன்றுக்கு 300 ரூபாய். சீசன் இல்லாத நாளில் 200க்கு வருவார்களாம். டவுன் பஸ்ஸும் உண்டு. பெரிய வாத்தியம் இருந்தால் பஸ்ஸை நினைக்காதீர்கள். டிரைவர் செல்லோ பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"என்ன அண்ணாச்சி, உள்ள ஆள் கீள் இருக்கா?"

"செல்லோ. வயலின் மாதிரி, பெரிசு" என்றேன்.

"இம்புட்டுப் பெரிய வயலினைத் தோள்ல எப்படி வைப்பிய?"

"உக்காந்து, காலுக்கு நடுவுல வச்சு வாசிக்கணும்லே" என்றார் சாகுல். ஊர் மண்ணை மிதித்ததும் அவர் பேச்சு மாறிவிட்டது.

வீட்டு வாடகை இரண்டு நாளுக்கு 5,000. சனிக்கிழமை பத்து மணிக்கு உட்கார்ந்தோம். மூன்று முறை வாசித்தோம், மூன்றும் பாழ். முதல் தடவை, முதல் மூச்சிலேயே ஜோயல் முந்தினார். அடுத்த தடவை நான் ஆரம்பித்த பிறகு மாலதி வந்தார். மூன்றாவதில் யார் எங்கே இருந்தோம் என்று யாருக்கும் தெரியவில்லை.

மாலதி வில்லைக் கீழே வைத்தார். "ஒரு மூச்சுன்னு எழுதியிருக்கீங்க. யாரோட மூச்சு சார்?"

"என்னோடதுதான். எழுதினவன் நான்."

"அப்ப நீங்க மட்டும் வாசிங்க."

கோபத்தோடே சாப்பிட்டு முடித்தோம். மதியம் மூன்று மணிக்கு ஆண்கள் மூவரும் ஐந்தருவிக்கு நடந்தோம். ஒன்றரைக் கிலோமீட்டர். குளிக்க வரிசையில் நாற்பது நிமிடம் நின்றோம். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, மூச்சு முட்டி நான் வெளியே வந்துவிட்டேன். சாகுல் உள்ளேயே நின்றார். வரிசையில் இருந்த ஒருவர், "ஏ அண்ணாச்சி, அதுக்குள்ளயா? இன்னும் தலையே நனையலியே!" என்றார். சிரித்துவிட்டு வந்தேன். உள்ளுக்குள் சிரிப்பு வரவில்லை.

ஞாயிறு காலை பத்து மணி. கடைசி வாய்ப்பு. அறைக்குள் புழுக்கம் என்று மாலதி நாற்காலிகளை வராந்தாவில் போடச் சொன்னார். குற்றாலத்தில் சாரலை மறந்து யாரும் அப்படிச் செய்வார்களா? நாங்கள் செய்தோம். அவர்கள் மூவரும் டேப்லெட் திரையைப் பார்த்து வாசிப்பவர்கள், காலால் ஒரு பொத்தானை மிதித்தால் பக்கம் திரும்பும். எனக்குக் காகிதம், என் பேனா, என் கையெழுத்து.

இரண்டாவது மூச்சு வரைக்கும் நன்றாகவே போனது. அப்போது ஒரு காற்று அடித்தது. திரையில் சாரல் துளி விழ விழ, விரலால் தொட்டதுபோலப் பக்கங்கள் தானாகப் புரண்டன. ஜோயல் கடைசிப் பக்கத்துக்கே போய்விட்டார். என் காகிதத்தில் மை கரைந்து ஓடியது. ஆனாலும் நான் நிறுத்தவில்லை. அதிலேயே கண்ணைப் புதைத்து வாசித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால், மூவரும் வில்லை இறக்கிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாகுல் மெதுவாகச் சொன்னார்: "அண்ணாச்சி, தப்பா எடுக்காதீய. நாலு வருசமா நாங்க மூணு பேரும் ஒங்களைத்தான் பாக்கோம். நீங்க ஒரு தடவகூட எங்களைப் பாக்கல."

உள்ளே போய் ஒரு பென்சில் எடுத்து வந்தேன். கோடு போடத்தான் போகிறேன் என்று மாலதி நினைத்திருப்பார். அந்த ஏழு இடங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மௌனத்துக்கு முன் கடைசி ஸ்வரத்தை யார் வாசிக்கிறார் என்று தேடினேன். நனைந்த காகிதத்திலேயே எழுதினேன். மூன்று இடங்களில் 'மாலதியின் மூச்சு'. இரண்டில் 'சாகுலின் மூச்சு'. ஒன்றில் 'ஜோயலின் மூச்சு'. கடைசி ஒன்று மட்டும் என்னுடையது.

மாலதி அதை வாங்கி நெடுநேரம் பார்த்தார். "இதை நாலு வருஷம் முன்னாடியே எழுதியிருக்கலாமே சார்?"

"நீங்க நாலு வருஷம் முன்னாடியே கேட்டிருக்கலாம்" என்றேன். முந்தின நாள்தான் கேட்டார் என்பது உண்மை. கேட்டதும் நான் சொன்ன பதில் சரியில்லை என்பதும் உண்மைதான்.

மூவரும் அதைத் தங்கள் திரையில் குறித்துக்கொண்டதும், நாற்காலிகளை உள்ளே இழுத்துப் போட்டு வாசித்தோம். மாலதியின் மூச்சு நீளம். அவர் தோள் உயரும்வரை காத்திருப்பது எனக்கு ஒரு யுகமாக இருந்தது. சாகுலுடையது அதைவிட நீளம். ஜோயல் படக்கென்று மூச்செடுப்பவர். ஏழாவது வந்தபோது மூவரும் என்னைப் பார்த்தார்கள். நானும் அவர்களைப் பார்த்தேன். எட்டே முக்கால் நிமிடத்தில், ஒரே நேரத்தில் நான்கு வில்லும் நின்றன.

கச்சேரிக்கு மண்டபம் முக்கால்வாசி நிறைந்தது. அனுமதி இலவசம். சாகுலின் வாப்பா முதல் வரிசையில். இருபது வருடம் வளைகுடாவில் இருந்துவிட்டு வந்தவர், மகன் வாசித்து நேரில் கேட்டதில்லை. மூன்றாவது மௌனத்தில் பின்னாலிருந்து யாரோ, "முடிஞ்சிட்டா லே?" என்றார்கள். ஒரு சின்னச் சிரிப்பு. மாலதியின் தோள் உயர்ந்தது, நாங்கள் தொடர்ந்தோம். முடிந்ததும் வாப்பா வந்து என் கையைப் பிடித்தார். "அண்ணாச்சி, நீங்க சும்மா இருந்த எடத்துலல்லாம் நானும் மூச்சைப் பிடிச்சிட்டுல்லா இருந்தேன்! கடைசில நெஞ்சு அடைச்சிட்டு." அறுபத்தெட்டு வருடத்தில் எனக்கு யாரும் இப்படி ஒரு சான்றிதழ் தந்ததில்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. சீசன் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, சனி ஞாயிறைத் தவிர்த்தால் அருவியில் நிதானமாக நிற்கலாம். தண்ணீர் அதிகமானால் குளிக்க விடமாட்டார்கள், காலையிலேயே விசாரித்துவிடுங்கள். தந்தி வாத்தியம் கொண்டு போகிறவர்கள் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் நாலைந்து போடுங்கள். முறுக்காணிகள் ஈரத்தில் உப்பி இறுகிவிடும், பலம் கொண்டு திருகாதீர்கள். பென்சிலில் எழுதுங்கள். சாரலில் பென்சில் கரையாது.

திங்கள் மாலை ரயிலில் மாலதி அடுத்த கச்சேரிக்கான நிரலை எழுதிக் காட்டினார். என்னுடையது இருக்கிறது, கோடு இல்லாமல். ஆனால் இடைவேளைக்கு முன்னால் போட்டிருக்கிறார். அது கடைசியில் வரவேண்டியது என்று விருதுநகர் தாண்டுவதற்குள் மூன்று தடவை சொல்லிவிட்டேன். யோசிக்கிறேன் என்றார். அவர் யோசித்து முடிக்கும்வரை சொல்லிக்கொண்டே இருக்க எனக்குத் தெம்பு இருக்கிறது.