பின்னுக்குப் பந்தெறிகிற பிள்ளை

இந்த ஊரில் ஃபுட்போல் என்றால் எங்களுடைய உதைபந்தாட்டம் அல்ல. முட்டை வடிவப் பந்து ஒன்றைக் கையில் இறுக்கிக்கொண்டு, தலைக்கவசம் போட்ட பெரிய பெரிய ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் போய் விழுகிற விளையாட்டு. மொன்றியலுக்கு வந்து இவ்வளவு காலமாகியும் எனக்கு அது முழுதாகப் பிடிபடவில்லை. நான் கிரிக்கெட் ஆள். எங்கள் வீட்டில் அந்தப் பைத்தியம் என் மனைவிக்குத்தான்.

அவள் லாசாலில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில், பெட்டிகளில் அடுக்குகிற பகுதியில் வேலை செய்கிறாள். சேர்ந்த புதிதில் ‘பொன்ஜூர்’, ‘மெர்சி’ என்ற இரண்டையும் விட்டால் பிரெஞ்சு தெரியாது. சாப்பாட்டு நேரத்தில் மற்றப் பெண்கள் மேசையைச் சுற்றி இருந்து முதல் நாள் ஆட்டத்தைப் பற்றியே கதைப்பார்களாம். இவள் தன் சோற்றுப் பெட்டியைப் பார்த்தபடி இருப்பாளாம். ஒரு நாள் வந்து, “இஞ்சாருங்கோ, அந்த விளையாட்டை எனக்கு ஒருக்கால் விளங்கப்படுத்துங்கோ” என்றாள். எனக்கே தெரியாது என்றேன். பிறகு அவளாகவே தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து படித்தாள். அவள் பிரெஞ்சில் பிழையில்லாமல் சொன்ன முதல் முழு வாக்கியம், “அந்த உதையை அவன் தவறவிட்டிருக்கக் கூடாது” என்பது. மேசை முழுக்கக் கைதட்டியதாம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்ற முதலே அதை என்னிடம் சொன்னாள்.

அதற்குப் பிறகு எங்கள் நகரத்து அணி அவளுக்குச் சொந்தக்காரர் மாதிரி ஆகிவிட்டது. அவர்கள் தோற்றால் கறிக்கு உப்புக் கூடும்.

நான் சொல்லப்போவது ஒரு ட்ராஃப்ட் மாலையைப் பற்றி. பல்கலைக்கழகங்களில் விளையாடி முடித்த பிள்ளைகளை அணிகள் முறை வைத்து ஒவ்வொருவராகத் தெரிந்தெடுக்கிற நாள் அது. பனி கரைந்து, மரங்கள் துளிர்க்கத் தொடங்குகிற நேரத்தில் வரும். முந்தைய வருடம் எங்கள் அணி படுமோசமாகத் தோற்றிருந்தது. அதனால் முதல் சுற்றிலேயே நல்ல முறை கிடைத்திருந்தது. பந்தை எறிகிற முக்கிய ஆட்டக்காரனைச் சுற்றி நின்று காப்பாற்றுவதற்குப் பருத்த ஆள் ஒருவன் வேண்டும் என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. அப்படி ஒரு பிள்ளை இருந்தான். மலை மாதிரி. அவனைத்தான் எடுப்பார்கள் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை.

வீட்டுக்கு இரண்டு விருந்தினர் வந்திருந்தார்கள். ஒருவர் கீழ்மாடியில் இருக்கிற தமிழ்நாட்டுத் தம்பி. விமானப் பாகங்கள் செய்யும் நிறுவனத்தில் பொறியியலாளர். ஆட்டக்காரர்களின் உயரம், நிறை எல்லாம் மனப்பாடம். மற்றவர் மனைவியோடு வேலை செய்கிற பிரெஞ்சுக்காரி. ஓய்வு பெறுகிற வயது, கட்டையாக வெட்டிய தலைமயிர், உரத்த குரல். என் வேலை மட்டன் ரோல்ஸ் பொரிப்பது.

எங்கள் அணியின் முறை வந்தது. மேடையில் ஒருவர் பெயரை வாசித்தார். வீட்டுக்குள் ஒரு சத்தமும் இல்லை. நான் அடுப்பைக் குறைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன். திரையில் ஒரு பொடியன் குனிந்து நின்று, தன் இரண்டு கால்களுக்கும் இடையால் பந்தைப் பின்பக்கமாக எறிந்துகொண்டிருந்தான். அதையே மூன்று தடவை திருப்பிக் காட்டினார்கள்.

“இது என்ன?” என்று கேட்டேன்.

“பின்னால நிக்கிற உதைக்கிறவனுக்குப் பந்தை எறிஞ்சு குடுக்கிற ஆள், அண்ணா” என்றார் தம்பி. முகம் வெளிறியிருந்தது. “அது மட்டும்தான் அவன் வேலை. ஒரு மேட்ச்ல பத்து தடவை வருவான், போவான். இந்த மாதிரி ஆளை யாரும் முதல் ரவுண்ட்ல எடுக்க மாட்டாங்க. கடைசி ரவுண்ட்லகூட யோசிப்பாங்க. என்ன பண்ணி வச்சிருக்காங்க பாருங்க அக்கா!”

பிரெஞ்சுக்காரி திட்டத் தொடங்கினாள். இந்த ஊர்க்காரருக்குக் கோபம் வந்தால் தேவாலயத்தில் இருக்கிற சாமான்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லித்தான் திட்டுவார்கள். அன்றைக்கு அவள் ஒரு சாமானையும் விடவில்லை.

மனைவி எழும்பி நின்றாள். “உவங்களுக்கு என்ன விசரே? அந்தப் பெரிய பிள்ளை அங்க இருக்க, குனிஞ்சு நிக்கிறவனை எடுத்திருக்கிறாங்கள்! உவனை வைச்சு என்ன செய்யிறது? ஆலாத்தி எடுக்கிறதோ?” என்று தொலைக்காட்சியைப் பார்த்துக் கத்தினாள். தம்பி, கவலையிலும் சிரித்துவிட்டார். ரோல்ஸ் ஆறிப்போனது. ஒருவரும் தொடவில்லை.

அடுத்த நாள் காலை அவள் கோப்பியோடு இருந்து ஃபோனைத் தட்டிக்கொண்டிருந்தாள். ரசிகர்கள் எழுதுகிற பக்கத்தில் அந்தப் பொடியன் குனிந்து நிற்கிற படத்தைப் போட்டுப் பகிடி பண்ணியிருந்தார்கள். சிலது வாய்விட்டுச் சொல்லக் கூடாதவை. முதலில் அவளும் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. கனநேரம் வாசித்தாள்.

“என்னப்பா, இதுகளை அந்தப் பொடியனும் வாசிப்பான் என்ன?”

“வாசிப்பான்தானே.”

“அவன்ர தாயும் வாசிப்பா.”

எங்களுடைய மகன் கல்கரிக்கு வேலைக்குப் போய் இரண்டாவது குளிர்காலம் அப்போதுதான் முடிந்திருந்தது. அவள் எதைப் பார்த்தாலும் முதலில் அதற்கு ஒரு தாய் இருக்கிறாளா என்று பார்க்கிற காலம் அது.

சில வாரங்களில் அணியின் பயிற்சி தொடங்கியது. நகரத்துக்கு வடக்கே ஒரு கல்லூரி மைதானத்தில். யாரும் போய்ப் பார்க்கலாம். “போவமே?” என்றாள். வழமையாக அவளும் தம்பியும்தான் போவார்கள். அந்தச் சனிக்கிழமை அவருக்கு வேலை. நான் காரை எடுத்தேன். அவள் உளுந்து வடை சுட்டு அலுமினியத் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டாள்.

வெயில் இருந்தது, ஆனால் காற்று இன்னும் குளிர். இரும்புப் படிகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆட்கள். முக்கியமானவர்கள் எல்லாம் மைதானத்தின் நடுவில் ஓடிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு முன்னால், ஓரத்தில், அந்தப் பொடியன் தனியாக நின்றான். குனிவான், எறிவான், நிமிர்வான். தூரத்தில் ஒருவன் பிடித்து வைத்துவிட்டுத் திரும்ப உருட்டிவிடுவான். மறுபடி குனிவான்.

எங்களிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு பெண் இருந்தாள். ஐம்பதைத் தாண்டியிருக்கும். மழைக்கோட்டு, மடியில் கைப்பை. மற்ற ஆட்கள் நடு மைதானத்தைப் பார்க்க, அவள் மட்டும் இந்தப் பொடியனைப் பார்த்தாள். அவன் ஒவ்வொரு தடவை எறியும்போதும் அவள் தோள் இலேசாக அசைந்தது.

மனைவி என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். அவள் வடைப் பொதியை எடுத்துக்கொண்டு எழும்பிப் போய் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் இருந்தாள்.

அந்தப் பெண்ணின் பிரெஞ்சு வடக்குப் பக்கத்துப் பிரெஞ்சு. எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. இரண்டு பேரும் வடை சாப்பிடுவது தெரிந்தது. பிறகு அந்தப் பெண் தன் வலது கையை நீட்டிக் காட்டுவதும், மனைவி அதைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துப் பார்ப்பதும் தெரிந்தது. அதற்குப் பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள். மனைவி கண்ணையும் துடைத்தாள். நான் வெயிலில் இருந்து காத்திருந்தேன்.

திரும்பி வரும் வழியில் காருக்குள் எல்லாவற்றையும் சொன்னாள்.

“தாய்தான். பள்ளிக்கூடத்தில சமைக்கிறவவாம். விடிய முன்னம் வெளிக்கிட்டுத் தனியக் கார் ஓடிக்கொண்டு வந்தவ. பொடியன் சின்னனில ஓடுறதுக்கும் விரைவில்லை, இடிக்கிறதுக்கும் பெலன் காணாதாம். எறியிறதுக்கு ஒருத்தரும் இல்லையெண்டு பள்ளிக்கூடத்தில இவனைக் குனிய விட்டிருக்கினம். அதைப் பிடிச்சுக்கொண்டான். ஒவ்வொரு நாளும் வீட்டு முற்றத்தில எறிவானாம். மறுபக்கம் நிண்டு பிடிக்க ஆர் இருக்கினம்? தாய்தான் பிடிச்சவவாம். பனிக்குள்ளையும். அடுப்புக்குப் போடுற கையுறையைப் போட்டுக்கொண்டு.”

“விரலைக் காட்டினவவோ?”

“ஓம். சின்ன விரல் வளைஞ்சு போய்க் கிடக்குது. பந்து பட்டு உடைஞ்சதாம். மகனுக்குச் சொல்லயில்லையாம், சொன்னா எறியிறதை விட்டிடுவான் எண்டு.” தன் சின்ன விரலைத் தடவிப் பார்த்தாள். “அவ சொல்லுறா, அவன் வளர்ந்த காலம் முழுக்க அவவைத் தலைகீழாத்தானாம் பார்த்தவன். கால் இடுக்கால.”

“நீர் என்ன சொன்னனீர்?”

“உண்மையைச் சொன்னன். உங்கட மோனை எடுத்தவுடனை நான் ரீவியைப் பார்த்துக் கத்தினனான், குறை நினைக்காதேங்கோ எண்டு.”

“அவ?”

“சிரிச்சா. அவ அந்த நேரம் வீட்டிலையே இல்லையாம். முதல் சுற்றில தன்ர பிள்ளையைக் கூப்பிடமாட்டினம், ராவைக்குத்தான் பெயர் வரும், வந்தாலும் வராட்டிலும் ஆறுதலுக்கு ஏதும் இருக்கட்டும் எண்டு தெருமுனைத் தெப்பனூர்க் கடைக்குப் போய்ச் சிப்ஸ் வாங்கிக்கொண்டிருந்தவவாம். திரும்பி வரேக்க மோன் வாசல்ல நிண்டு அழுறான். ஆரோ செத்துப்போச்சினம் எண்டு நினைச்சு சிப்ஸையும் போட்டிட்டு ஓடினவவாம்.”

இதைச் சொல்லிவிட்டு அவள் அழுதாள். நான் காரை மெல்ல ஓட்டினேன்.

“பேந்து, இணையத்தில எழுதினதையெல்லாம் வாசிச்சனீங்களோ எண்டு கேட்டன். மோன் வாசிக்க வேண்டாமெண்டு சொன்னவனாம். ஒண்டும் விடாமல் வாசிச்சனான் எண்டா. ‘அவைக்கு என்ர பிள்ளையைத் தெரியாது, உங்களுக்கும் தெரியாதுதானே, இப்ப தெரியும்’ எண்டா.”

பயிற்சி முடிந்தபோது அந்தப் பொடியன் படிப்பக்கம் வந்ததை நானும் கண்டிருந்தேன். கிட்டத்தில் பார்த்தால் குழந்தை முகம். தாய் வடையை நீட்ட, முழுதாக வாய்க்குள் போட்டுவிட்டு எங்களைப் பார்த்துத் தலையசைத்தான். மனைவி அவனிடம் ஏதோ சொன்னாள். அவனுக்குக் காது வரை சிவந்தது.

“அவனிட்டை என்ன சொன்னனீர்?” என்று காரில் கேட்டேன்.

“நல்லாச் சாப்பிடு எண்டனான். வேற என்னத்தைச் சொல்லுறது?”

அந்தக் கோடையில் உள்ளூரில் நடந்த முதல் ஆட்டத்துக்கு நாங்கள் மூன்று பேரும் போனோம். நானாகவே வருகிறேன் என்றதும் தம்பி ஆச்சரியப்பட்டார். மலையடிவாரத்து மைதானம், ஒரு பக்கத்து இருக்கைகளிலிருந்து பார்த்தால் நகரத்தின் உயரமான கட்டிடங்கள் தெரியும். அன்றைக்கு மழையில் ஒன்றும் தெரியவில்லை. மழைக்கோட்டுகளுக்குள் சுருண்டு இருந்தோம். இரண்டாவது கால்பகுதியில் எங்கள் பொடியன் குனிந்தான். ஈரப் பந்து அவன் கையிலிருந்து நழுவி, உதைக்கிறவனுடைய தலைக்கு மேலால் போய் விழுந்தது. எதிரணி அதை எடுத்துக்கொண்டு ஓடிப் புள்ளி போட்டது.

எங்களுக்குப் பின்னால் இருந்தவர்கள் எழும்பி நின்று திட்டினார்கள். தம்பி தலையில் கை வைத்தார். “அந்தப் பெரிய ஆளை எடுத்திருக்கலாம்” என்று முனகியவர், மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, “சரி விடுங்க அக்கா, மழை” என்றார்.

அவள் மைதானத்தைப் பார்க்கவில்லை. ஃபோனைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, பயிற்சியன்று இலக்கம் தந்த அந்தத் தாயை அழைப்பதா விடுவதா என்று யோசித்தாள். இடைவேளையில் அழைத்தாள். தாய் எடுத்தாள். அங்கே தொலைக்காட்சிச் சத்தம் கேட்கவில்லையாம். மகன் ஆடுகிற ஆட்டத்தை அவள் ஒருநாளும் நேரே பார்த்ததில்லையாம். பயிற்சி என்றால் பார்ப்பாள், ஆட்டம் என்றால் நெஞ்சு தாங்காது. பந்து போய் விழுவது அவளுக்குப் பிரச்சினை இல்லை. எறிந்த கையோடு எதிரணிக்காரர் வந்து அவன்மேல் விழுவார்கள். குனிந்து நிற்கிறவன் அவர்கள் வருவதைப் பார்க்க முடியாது. அதுதான் அவளால் பார்க்க முடியாததாம். ஆட்டம் முடிந்தபிறகு அயலட்டைக்காரர் வந்து சொல்லும்வரை சமையலறையில் ஏதாவது கழுவிக்கொண்டு நிற்பாளாம்.

“பந்து மேலால போனதைச் சொன்னனீரோ?” என்று கேட்டேன்.

“சொன்னன். ‘எழும்பினவனோ?’ எண்டுதான் கேட்டா.”

அந்த வருடம் எங்கள் அணி அரையிறுதி வரை போய்த் தோற்றது. பொடியனைப் பற்றி நாளடைவில் ஒருவரும் கதைக்கவில்லை. அவனுடைய வேலையில் அதுதான் பெரிய பாராட்டு என்று தம்பி எனக்கு விளங்கப்படுத்தினார். பிழை விட்டால்தான் பெயர் தெரியும். மழைநாள் போல் இன்னொரு பிழை அவன் விடவில்லை. மலை மாதிரியான அந்த மற்றப் பிள்ளை வேறு நகரத்தில் நன்றாக விளையாடுகிறான். பிரெஞ்சுக்காரி அதை இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள்.

நான் இப்போது ஒரு ஆட்டத்தையும் விடுவதில்லை. விதிகள் இன்னும் அரைகுறையாகத்தான் தெரியும். உதை வருகிறபோது மைதானத்தில் இருக்கிற அத்தனை பேரும் வானத்தில் போகிற பந்தைப் பார்ப்பார்கள். நாங்கள் மூன்று பேரும் கீழே, ஆட்கள் விழுந்து குவிந்து கிடக்கிற இடத்தைப் பார்ப்போம். குவியல் கலையும். ஒருவர், இன்னொருவர் என்று எழும்புவார்கள். கடைசியில் அவன் கையை ஊன்றி எழும்பி, தலைக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு ஓரத்துக்கு ஓடுவான்.

“எழும்பிட்டான்” என்பாள் மனைவி எனக்கு. பிறகு அதையே பிரெஞ்சில் தட்டி, வடக்கே ஒரு சமையலறைக்கு அனுப்புவாள்.