பாட்டு தீர்ந்த இடம்

டாக்சி ஸ்டாண்டில் அவனுக்கு ஹாரன் என்று பெயர். ஹாரன் வேலை செய்யாத நாளிலும் ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தியே வழி வாங்கிவிடுவான். அந்தத் தொண்டை இரண்டு மாதமாக அடங்கிக் கிடந்தது.

ஒரு லாரியை முந்தப் போய் வண்டியைத் தடுப்புச் சுவரில் இடித்துவிட்டான். அவனுக்குக் கீறல்கூட இல்லை. பக்கத்தில் இருந்த மனைவிக்கு முழங்கால் உடைந்தது. எலும்பு கூடிவிட்டது, மூட்டுதான் மடங்க மறுத்தது. ஆஸ்பத்திரியில் வாரம் மூன்று நாள் பயிற்சி. ஆனால் எஞ்சின் சத்தம் ஏறினாலே அவள் கை கதவுப்பிடிக்குப் போய்விடும். லாரியை முந்தும்போது கடைசியாகக் கேட்ட சத்தம் அதுதான். பஸ் படியில் கால் ஏறாது. வேறு வண்டி என்றால் வாசலைவிட்டே நகரமாட்டாள்.

தையல் கம்பெனியில் மெஷின் இரைச்சலை மறக்க அவள் வைத்திருந்த சின்ன மியூசிக் பிளேயர் ஒன்று இருந்தது. அதன் பாட்டு ஓடினால் பயம் கொஞ்சம் தணிந்தது. இயர்போன் ஒத்துவரவில்லை. காதை அடைத்தால் பின்னால் என்ன வருகிறது என்று தெரியாமல் இன்னும் நடுங்கினாள். அதனால் பிளேயரை வண்டி செட்டில் ஒயர் போட்டு மாட்டினான். அங்கேதான் வினை. பாட்டுக்குள்ளே கொசு மாதிரி ஒரு ரீங்காரம். வண்டி வேகமெடுத்தால் அதுவும் வேகமெடுத்தது. எந்தச் சத்தத்தை மறைக்கப் பாட்டுப் போட்டானோ, அதுவே பாட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஸ்பீக்கரை மாற்றினான். ஒயரை மாற்றினான். பிளேயரில் சத்தத்தைக் கூட்டி, செட்டில் குறைத்துப் பார்த்தான். இரைச்சல் குறைந்தது, கொசு போகவில்லை. கார் செட் கடை வைத்திருக்கும் மச்சினன், கடைச் சந்து குறுகல், புகை அடைக்கும் என்பதால் எஞ்சினை அணைத்துவிட்டே ஒவ்வொரு முறையும் பாட்டைப் போட்டுக் கேட்டான். அங்கே பாட்டு கண்ணாடி மாதிரி இருந்தது.

"உங்க காதுலதான் மாமா கொசு," என்று அனுப்பிவிட்டான்.

போன வாரம் மூன்று நாளும் பாதி வழியில் திரும்பினார்கள். பயிற்சி கொடுக்கும் அம்மா இன்று காலையிலேயே போனில் சொன்னாள்: "இன்னிக்குப் பத்து மணிக்கு வரலேன்னா உங்க நேரத்தை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன். இதுக்கு மேல போனா அந்தக் கால் இப்படியே நின்னுடும்."

காலை ஒன்பதரைக்கு அக்காவைத் தூக்கி உட்காரவைக்க மச்சினன் வந்தான். ஹாரன் எஞ்சினைப் போட்டு, பாட்டையும் போட்டு, மெல்ல ஆக்சிலரேட்டரை அழுத்தினான். கொசு எழுந்தது. அவள் கை கதவுக்குப் போனது.

"வேணாங்க. இறக்கி விடுங்க."

மச்சினன் ஜன்னல் வழியே குனிந்து பார்த்தான். "மாமா, பிளேயர் ஏன் சார்ஜர்ல தொங்குது?"

"எப்பவும் போட்டுத்தான் வெச்சிருப்பேன். வண்டியில எது செத்தாலும் பொழப்பு செத்துடும் மாப்ள."

மச்சினன் கையை நீட்டிச் சார்ஜரைப் பிடுங்கினான். பாட்டு மட்டும் தெளிவாகக் கேட்டது. கொசு இல்லை. எஞ்சினிலிருந்து சார்ஜர் வழியாக வந்த கரண்ட்தான் அத்தனை நாளும் பாட்டுக்குள் புகுந்து ரீங்கரித்திருக்கிறது.

ஹாரன் ஸ்டீயரிங்கை ஓங்கித் தட்டினான். "ஒரு மாசமா என்னை அலைய விட்டியேடா."

"திட்டுறதை அப்புறம் திட்டுங்க. பழைய பேட்டரி, கால் மணி நேரம் தாங்கினா பெரிசு. கிளம்புங்க."

பயணமோ இருபத்தைந்து நிமிடம். முந்தாமல், உறுமாமல் ஓட்டினான். அவள் கண்ணை மூடியிருந்தாள், கை மடியில் இருந்தது. ஒவ்வொரு சிக்னலிலும் பேட்டரி கரைவது அவன் நெஞ்சுக்குள் கேட்டது. பாலம் இறங்கி ஆஸ்பத்திரி கேட் கண்ணில் படும்போது, ஒரு வரியின் நடுவில் பிளேயர் செத்தது.

வெறும் எஞ்சின். அவள் விரல்கள் கதவுப்பிடியைக் கவ்வின. "என்னங்க. என்னங்க."

சார்ஜரை மாட்டினால் கொசு, மாட்டாவிட்டால் உறுமல். மணி பத்தாக ஐந்து நிமிடம். அவன் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தான். இறங்கினான். ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்து, தோளைக் கதவுச் சட்டத்தில் கொடுத்துத் தள்ளினான். வண்டி அசைந்தது.

"என்ன பண்றீங்க?"

"பேசாம உட்காரு. எஞ்சின் இல்ல பாரு. சத்தமே வராது."

பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துத் தீர்த்தார்கள். "ஓரமா தள்ளுய்யா," என்று ஒருவன் கத்தினான். ஹாரன் பதிலுக்கு வாயைத் திறக்கவில்லை. செருப்பு வழுக்கியது, உதறிவிட்டு வெறுங்காலில் தள்ளினான். அவள் கை மெல்லக் கதவுப்பிடியை விட்டு அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டது.

கேட்டில் காவலாளி எழுந்து வந்தார். "என்ன டிரைவரே, பெட்ரோல் காலியா?"

"இல்லண்ணே. பாட்டு காலி."

அவர் ஒன்றும் புரியாமல் சக்கர நாற்காலியைத் தள்ளி வந்தார். பத்து மணிக்கு அவள் உள்ளே போய்விட்டாள்.

ஹாரன் வாசல் படியில் உட்கார்ந்து பாதத்தில் குத்திய கல்லை எடுத்தான். உள்ளேயிருந்து அவள் அலறுவது கேட்டது. முழங்காலை மடக்குகிறார்கள். அவன் பிளேயரையும் சார்ஜரையும் கையில் எடுத்துக்கொண்டு காவலாளியிடம் போனான்.

"அண்ணே, இங்க ஒரு பிளக் இருக்குமா? திரும்பிப் போகணும்."