தாவியாவுக்கு எத்தனை வயது?

எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அடுத்தவர் சங்கதி அரைகுறையாகத் தெரிந்தால் மண்டை வெடித்துவிடும். புக்கோம் மைதானத்தோரம் கெங்கே என்னும் புளித்த சோளமாவு உருண்டையும் பொரித்த மீனும் விற்கிறவளுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு?

எங்கள் பேட்டைக் கால்பந்துக் கோச் சோவா, தாவியாவைப் பிராம்பிராம் ஊரிலிருந்து கூட்டிவந்தபோது பதினாறு வயது என்றார். மைதானப் புழுதியில் பந்தோடு அவன் ஓடின ஓட்டம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. மற்றப் பையன்கள் அவன்மேல் மோதி, சுவரில் மோதினவர்கள்போல விழுவார்கள். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று ரேடியோவில் புகழ்ந்தார்கள். இது முளையா, அறுப்புக்கு நிற்கும் பயிரா என்பதுதான் எங்கள் சந்தேகம்.

"ஏண்டா, பதினாறு வயசுல நெத்தி இப்படியா ஏறும்?" என்பாள் பக்கத்தில் மிளகாய் விற்கும் கொர்கோய்.

"பந்தைத் தலையாலயே முட்டினா ஏறாம என்ன பண்ணும் அக்கா?" என்பான் வாய் நிறைய மீனோடு.

போர்ச்சுகல் கிளப் ஒன்று அவனை அள்ளிக்கொண்டு போனது. அங்கே வளர்ந்த ஆண்களோடு ஆட வேண்டியிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தான், முழங்கால் போயிற்று, திரும்பி வந்தான். சின்ன வயதிலேயே கசக்கிவிட்டார்கள் என்று பாதித் தெரு பரிதாபப்பட்டது. சின்ன வயதா என்று மீதித் தெரு சிரித்தது. நான் இரண்டு பக்கமும் உட்கார்ந்து கேட்டேன்.

என்னைக் குடைந்ததெல்லாம் ஒக்கோதான். ஒக்கோ, தாவியாவின் அண்ணன், தேமாவில் மீன்பிடிக்கிறவன், மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன். எங்கள் ஊரில் இரட்டையரில் மூத்தவனுக்கு ஒக்கோ, இளையவனுக்கு அக்குவெத்தே, அவர்களுக்கு அடுத்துப் பிறப்பவனுக்குத் தாவியா என்றுதான் பெயர் வைப்பார்கள். அப்படியானால் அக்குவெத்தே எங்கே? கேட்டால் ஒக்கோ கடலைப் பற்றிப் பேசுவான். தாவியாவுக்கும் அவனுக்கும் அதே மூக்கு, முன்பல்லில் அதே சந்து.

ஒவ்வொரு ஹோமோவோ அறுவடைத் திருவிழாவிலும் ஒக்கோ, தாவியாவோடு எங்கள் சந்துக்குக் குடிவந்த தாயின் வீட்டுக்கு வருவான். அதில் வரும் இரட்டையர் நாளில் வெள்ளைத் துணி கட்டி, மசித்த கிழங்குக் கிண்ணத்தின் முன் தனியாக உட்காருவான். கிண்ணத்தில் இரண்டு அவித்த முட்டை இருக்கும். ஒன்றைத் தின்பான். மற்றதைத் தொடமாட்டான்.

இந்த வருஷம் தாவியாவுக்குக் கடைசி வாய்ப்பு ஒன்று வந்தது. துனிசியாவிலிருந்து ஒரு ஏஜெண்டு வந்திருந்தார். இருபத்திரண்டு வயது என்றால்தான் எடுப்பார்கள். கோச் சோவாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. திருவிழாவைக் காட்டுகிறேன் என்று அவரை அதே வீட்டு முற்றத்துக்கே கூட்டிவந்துவிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர், விருந்தாளியை அதே இலைக்கு முன்னால் உட்கார வைத்தார்.

ஏஜெண்டு என்னிடம் குனிந்து, "அந்த ஆள் ஏன் தனியா உக்காந்திருக்கார்?" என்றார்.

"அது இரட்டையருக்கான இடங்க. இன்னொருத்தன் செத்திருந்தாத்தான் தனியா உக்காருவாங்க," என்றேன். கோச் என்னை எரித்துவிடுவதுபோலப் பார்த்தார். கேட்டார், சொன்னேன், அதில் என்ன?

இந்த வருஷம் பூசாரியம்மா புதியவள். மூலிகைத் தண்ணீரைத் தெளித்துவிட்டு, "உன் கூடப் பொறந்தவன் போயிட்டானா?" என்று ஒக்கோவைக் கேட்டாள்.

ஒக்கோ தலையைக் குனிந்துகொண்டான். அவள் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள். இரண்டாவது முட்டையைக் கையில் எடுத்து, செத்தவனுக்காகத் தரையில் உடைக்க ஓங்கினாள். அவர்கள் தாய் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"அதை உடைக்காதீங்கம்மா."

தாவியா கோச்சின் கையை உதறிவிட்டு முற்றத்துக்குள் இறங்கினான்.

"டேய், நாளைக்கு விமானம்டா. பைத்தியமா உனக்கு?" என்றார் கோச்.

"எத்தனை வருஷம் சார் இவன் என்னைச் செத்தவனா வச்சு உக்காருவான்?" என்றவன் பூசாரியம்மாவிடம் திரும்பினான். "நான் அக்குவெத்தே. தாவியா எங்க தம்பி. பால்குடியிலேயே போயிட்டான். அவன் பேரையும் வயசையும் நான் போட்டுக்கிட்டேன்."

ஜெர்சியைக் கழற்றிவிட்டு ஒக்கோவின் பக்கத்தில் உட்கார்ந்தான். ஒக்கோ தன் வெள்ளைத் துணியின் பாதியை அவன் தோளில் போட்டான். எனக்கு அழுகை வந்துவிட்டது. கொர்கோய் என்னை இடித்து, ஏஜெண்டு தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போவதைக் காட்டினாள். கோச் பின்னாலேயே ஓடினார்.

அழுதாலும் என் குணம் போகுமா? கிட்டே போய்க் குந்தினேன்.

"இப்பவாவது சொல்லுடா. உனக்கு எத்தனை வயசு?"

அவன் அண்ணனைக் காட்டினான். "இவனுக்கு எத்தனையோ அத்தனை அக்கா."

பூசாரியம்மா கிண்ணத்தில் திருப்பி வைத்த இரண்டாவது முட்டையை ஒக்கோ உரித்து அவன் பக்கம் தள்ளினான்.