புளி போட்டுத் தேய்த்த இருபது காசு

தொழிற்சாலையில் எனக்கு உருப்பெருக்கிக்குக் கீழே குறை தேடுகிற வேலை. மின்னணு அட்டைகளில் முடி அளவு பிசகு இருந்தாலும் கண்டுபிடித்துத் தள்ளிவைக்க வேண்டும். அந்தக் கண் வீட்டுக்கு வந்த பிறகும் சும்மா இருக்காது. சில்லறை கைக்கு வந்தால் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். அச்சடிக்கும்போதே தவறிப்போன காசுகளைச் சேர்க்கிற பைத்தியம் அப்படித்தான் தொற்றிக்கொண்டது.

பீடோங் ஊர்ப் பாசாரில் கீரை வாங்கிய மீதியில் வந்தது அந்த இருபது காசு. ஓரத்தில் பிறை மாதிரி ஒரு கடி. தகட்டில் வட்டம் வெட்டும்போது, முன்பு வெட்டிய ஓட்டையின்மேல் வெட்டு விழுந்தால் இப்படி ஆகும். சந்தோஷத்தில் சாமித் தட்டில் வைத்தேன். அங்கேதான் வந்தது வினை. மறுநாள் வெள்ளிக்கிழமை. விளக்கையும் தட்டையும் புளி போட்டுத் தேய்த்த என் கை, காசையும் சேர்த்துத் தேய்த்துவிட்டது. காசைக் கழுவாதீர்கள், மதிப்புப் போய்விடும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான்! தலையில் அடித்துக்கொண்டேன்.

இருந்தாலும் படம் எடுத்து காசு சேர்க்கிறவர்களின் புலனக் குழுவில், அதாவது வாட்ஸ்அப்பில், போட்டேன். கோலா கெத்திலில் பழைய காசுக் கடை வைத்திருக்கும், நாங்கள் அண்ணன் என்று கூப்பிடும் ஒருவர் சொல்வதுதான் அங்கே தீர்ப்பு. அவருடைய குரல் பதிவு வந்தது.

"அரத்தால ராவிட்டு, தடம் தெரியக் கூடாதுன்னு புளி போட்டுத் தேச்சிருக்கு. இந்தப் பொம்பள ஏமாத்துதுலா. யாரும் வாங்கிறாதீங்க."

விற்பதாக நான் சொல்லவே இல்லை. புளி என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஏமாற்றுக்காரி என்ற பேரை மட்டும் வாங்கிக்கொண்டு போக மாட்டேன்.

வீட்டிலிருந்த சின்ன உருப்பெருக்கியின் மேல் கைப்பேசியைக் கட்டினேன். மேலிருந்து வெளிச்சம் அடித்தால் பளபளப்புதான் தெரியும். விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்தி வைத்தேன். மேடு பள்ளமெல்லாம் நிழலோடு எழுந்து வந்தன. கடித்த இடத்தில் அரத்தின் கீறல் ஒன்றுகூட இல்லை. அதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் விளிம்பு எழும்பாமல் மழுங்கிக் கிடந்தது. அச்சடிக்கும் முன் வட்டத்தை இரு பக்கமும் நெருக்கி விளிம்பு எழுப்பும்போது ஒரு பக்கம் பிடிமானம் இல்லாவிட்டால், எதிர்ப்பக்கமும் எழும்பாது. அச்சடித்த காசை இங்கே ராவினால் அங்கே எதற்கு மழுங்க வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே அவர் கடைக்குப் போனேன். குழுவைச் சேர்ந்த நான்கைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். காசையும் படங்களையும் மேசையில் வைத்தேன். அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"சரிலா தங்கச்சி, அசல்தான். நான் பேசினத அழிச்சிர்றேன், விடுங்க," என்று கைப்பேசியை எடுத்தார்.

"அழிக்காதீங்க அண்ணே. எல்லாரும் கேட்டாச்சு. அதுக்குக் கீழயே பேசுங்க."

அவர் முகம் கறுத்தது. கைப்பேசியை வாயருகே கொண்டுபோய், "அந்த இருபது காசு அசல்," என்றார்.

"காசையா திட்டினீங்க? என்னையத்தானே! என்னையப் பத்திச் சொல்லுங்க."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரிலேயே உட்கார்ந்தேன். அவர் மறுபடியும் கைப்பேசியை எடுத்தார்.

"அவங்க ஏமாத்தல," என்றார். "நான்தான் சரியாப் பாக்கல."