மிஸ்டர் வாரன் என்ற ஆள்

பழைய தோல் அட்டையின் வாசம்... ஈரமும் துருவும் கலந்த மாதிரி இருக்கும். தொண்ணூறுகளின் நடுவில், ஓக்லாந்தில் எனக்குக் கிடைத்த முதல் ஒழுங்கான வேலை. டவுனில் ஒரு ஆவணக் காப்பகம். வீடிருந்த சான்ட்ரிங்ஹாமிலிருந்து பஸ்ஸில் போவேன்.

விக்டோரியா மகாராணி காலத்து ராணுவ எஞ்சினியர் ஒருவரின் நோட்டுப் புத்தகங்களை டைப் செய்ய வேண்டும். பதினெட்டு வயதில் பட்டாளத்தில் சேர்ந்து, இலங்கையில் ரோடு போட்டு, பிறகு இங்கே வந்து ரோடும் பாலமும் கட்டிய கப்டன். எத்தனை வண்டி கல், யாருக்குக் காய்ச்சல்... இவ்வளவுதான் எழுதுவார். மனைவி இறந்ததற்குக்கூட ஒரே வரி. சரியான கல்லுளிமங்கன் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கோ மனமெல்லாம் யாழ்ப்பாணத்தில். அம்மா அங்கே தனியே. சண்டை, பாதை பூட்டு, கடிதம் வர மூன்று மாதம். இங்கே நிரந்தரமாக இருக்க ரெசிடென்ஸ் கிடைத்ததும் ஒருதரம் போய் அம்மாவைப் பார்த்துவிட வேண்டும்... அந்த ஒரே நினைப்பு.

ஒருநாள் சூப்பர்வைசர் ஜோன் ஒரு கார்டை நீட்டினார்.

"இந்த மிஸ்டர் வாரன் யாரென்று பார். கப்டன் ஒவ்வொரு நாட்டையும் விட்டுக் கிளம்பும்போதும் கடைசிப் பக்கத்தில் இவர் பெயர். நெருங்கிய சிநேகிதராக இருக்க வேண்டும். எங்கே தேடியும் ஆள் கிடைக்கவில்லை."

நோட்டைத் திருப்பினேன். ஆங்கில எழுத்தில் இரண்டு சொல். மெல்ல வாய்விட்டு வாசித்தேன்... பொயிட்டு வாரன்.

ஆளுமில்லை, சிநேகிதருமில்லை. போயிட்டு வாறன்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஜோனுக்கு விளக்கினேன். எங்கள் சனம் 'போறன்' என்று சொல்லாது, சகுனம் சரியில்லை. திரும்பி வருவேன் என்று சொல்லித்தான் வெளிக்கிடும். கப்டன் அதை இலங்கையில் யாரிடமோ கற்றுக்கொண்டு, ஓக்லாந்தை விட்டுப் போகும்போதும் எழுதியிருக்கிறார்.

"திரும்பி வந்தாரா?" என்று ஜோன் கேட்டார்.

"இல்லை. ரெண்டு இடத்துக்கும் வரேல்லை."

நோட்டை மூடிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினேன். ஜோன் தேத்தண்ணிக்குக் கேத்தில் போட்டார்.

வீட்டில் என் கணவரிடம் சொன்னேன். "உமக்கு வெள்ளைக்காரருக்குள்ளயும் ஒரு சொந்தம் வந்திட்டுது போல" என்று பகிடி பண்ணினார்.

"ஓம், எங்கட ஆள்தான்" என்றேன்.

அடுத்த வருஷம் ரெசிடென்ஸ் வந்தது. அதற்கு முந்தைய மாதம் அம்மா போய்விட்டார். செய்தி வரவே ஆறு கிழமை, ஒன்றரை மாதம். அம்மாவிடம் நானும் 'போயிட்டு வாறன்' என்று சொல்லித்தான் வெளிக்கிட்டேன்; அந்தச் சொல்லை நான் காப்பாற்றவில்லை.

இப்போது டிசம்பர் வந்தால் இங்கே லின்ஃபீல்டில் எங்கள் ஆட்களின் பாதி வீடு பூட்டிக் கிடக்கும். எல்லோரும் ஊரில். டிக்கெட்டைப் போனிலேயே எடுக்கலாம். "அம்மா, வை டோன்ட் யூ கோ?" என்று மகளும் கேட்கிறாள்.

போகலாம்தான்... ஆனால் "வந்திட்டியே பிள்ளை" என்று கேட்க அங்கே ஆளில்லை.