ஹெல்மெட் போட்டுக்கொண்டு சால்மன் பிடிக்கப் போன கதை

ராத்திரியில் சால்மன் மீன் பிடிக்கப் போகலாமா, அதில் ஆபத்து உண்டா, போனால் பிரயோஜனம் இருக்குமா என்று, பிள்ளைகளே, உங்களில் யாருக்காவது சந்தேகம் இருந்தால் என்னைக் கேளுங்கள். நான் பத்தாவது வரைக்கும் படித்தவன். மீனைப் பற்றி ஒரு புத்தகமும் படித்ததில்லை. ஆனால் போய்விட்டு வந்தவன். சவூதியில், ஜுபைல் கடற்கரையில், ஒரு வியாழக்கிழமை ராத்திரி, தலையில் ஹெல்மெட்டோடு போய்விட்டு வந்தவன்.

ஹெல்மெட் எதற்கு என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

ஜுபைலில் எனக்குச் சாரம் கட்டுகிற வேலை. அங்கே ஆலைகளில் குழாய்கள் பனைமர உயரத்துக்கு நிற்கும். அவற்றைப் பழுது பார்க்கிறவர்கள் ஏறி நிற்க வேண்டுமே, அதற்கு இரும்புக் குழாய்களைப் பூட்டிச் சாரம் கட்டித் தருவோம். வீட்டுக்காரியும் பிள்ளைகள் இரண்டு பேரும் ஊரில், பெரம்பலூர் பக்கம். மகன் ஏழாவது, மகள் நாலாவது, ஒரே பள்ளிக்கூடம். டியூட்டி முடிந்து கேம்புக்கு வந்ததும் வீடியோவில் கூப்பிடுவேன். முதல் கொஞ்ச நேரம் அவர்கள் சண்டையைப் பார்ப்பேன். அப்புறம் பேசுவோம்.

ஒருநாள் மகள் ஒரு படம் பார்த்த குஷியில் இருந்தாள். அதில் செக்கச்செவேலென்று சால்மன் மீன்கள் ஆற்றுக்கு எதிராகத் துள்ளித் துள்ளிப் போகின்றன. நடு ஆற்றில் ஒரு கரடி வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. மீன் தானாகக் குதித்துக் கரடி வாய்க்குள் போகிறது.

"அப்பா, நீங்க கடலுக்குப் பக்கத்துலதான இருக்கீங்க?"

"ஆமாம்மா. கேம்புலேர்ந்து டாக்ஸியில போனா கொஞ்ச தூரந்தான்."

"அப்ப ஒரு சால்மன் புடிச்சுக் காட்டுங்க."

பின்னாலிருந்து மகன் சிரித்தான். "யாரு, அப்பாவா? சாம்பார்ல கெடக்குற முருங்கக்காயவே அப்பாவால கரண்டியில புடிக்க முடியாது."

"எங்கப்பா புடிப்பாரு!"

"எனக்குந்தான் அப்பா. அதனாலதான் சொல்றேன், புடிக்க மாட்டாரு."

உடனே பந்தயம் போட்டார்கள். நான் சால்மன் பிடித்துவிட்டால் மகன் ஒரு மாதம் தன் தங்கையை 'அக்கா' என்று கூப்பிட வேண்டும், பள்ளிக்கூடத்தில், கூட்டாளிகள் முன்னாலேயே. பிடிக்காவிட்டால் மகள் ஒரு மாதம் அவனை 'சார்' என்று கூப்பிட வேண்டும். மீன் பிடிக்கப் போகிற ஆள் நான். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "சரி சரி, ரெண்டு பேரும் பல்லு தேச்சுட்டுப் படுங்க" என்று அவர்கள் அம்மா போனை வாங்கி வைத்துவிட்டாள்.

நாலாவது படிக்கிற பிள்ளை என்னை நம்பித் தன் மானத்தைப் பணயம் வைத்துவிட்டது. நான் என்ன செய்வேன்?

அறையில் இரண்டு பேரிடம் சொன்னேன். ஒருவர் சேஃப்டி அண்ணன். விழுப்புரத்துக்காரர். வேலை நடக்கிற இடத்தில் யாருக்கும் அடிபடாமல் பார்த்துக்கொள்வதுதான் அவர் உத்தியோகம். எண்ணெயில் அப்பளம் போடும்போதுகூடக் கண்ணாடி மாட்டிக்கொள்வார். இன்னொருவர் ஏ.சி. மெக்கானிக். கடலூர்க்காரர் என்பதால் அவருக்குக் கடலைப் பற்றி எல்லாம் தெரியும் என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம். அவரும் மறுத்துச் சொன்னதில்லை.

"சால்மன் ராத்திரிலதான் மாட்டும்" என்றார் கடலூர்க்காரர்.

"எப்புடி மச்சான் சொல்ற?"

"பகல்ல யாராச்சும் புடிச்சு நீ பாத்திருக்கியா?"

யாரும் பார்த்ததில்லை. கடையில் ஐஸ் மேல் வெட்டி வைத்திருக்கும் துண்டைத்தான் பார்த்திருக்கிறோம். ஆகவே ராத்திரி என்று முடிவானது. வெள்ளிக்கிழமை லீவு. வியாழக்கிழமை டியூட்டி முடிந்ததும் கிளம்புவது என்று வைத்துக்கொண்டோம்.

இப்போது ஹெல்மெட்டுக்கு வருகிறேன். எங்கள் சைட்டில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் வேலை தொடங்குமுன் எல்லோரும் வட்டமாக நிற்க வேண்டும். இன்றைக்கு என்ன வேலை, அதில் என்னென்ன ஆபத்து, தப்பிக்க என்ன செய்வது என்று ஒருவர் சொல்லுவார். அது முடியாமல் ஒரு ஆணியைக்கூடத் தொட முடியாது. வருஷக்கணக்காக அப்படி நின்று நின்று அந்தப் பேச்சைக் கேட்காமல் எதையாவது தொடங்கினால் எங்களுக்குக் கை ஓடாது. வியாழக்கிழமை சாயங்காலம் சேஃப்டி அண்ணன் எங்கள் இரண்டு பேரையும் கட்டிலுக்கு நடுவில் நிறுத்தினார்.

"இன்னிக்கு வேல, மீன் புடிக்கறது. மொத ஆபத்து இன்னா?"

"வழுக்கும்" என்றேன்.

"ஆங். அதுக்கு ஷூ. அப்புறம்?"

"முள்ளு குத்தும்ணே."

"கையுறை. அப்புறம்? நல்லா யோசி. இந்த மீனு இன்னா பண்ணும்?"

"குதிக்கும்."

"எவ்ளோ உயரம் குதிக்கும்?"

படத்தில் கரடியின் தலைக்கு மேலே குதித்தது என்று சொன்னேன். அவர் முகம் மாறியது. "தலைக்கு மேல ஒரு சாமான் வருதுன்னா இன்னா போடணும்?"

"ஹெல்மெட்" என்றோம் இரண்டு பேரும், வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி.

"கரடி வந்தா?" என்று கடலூர்க்காரர் கேட்டார்.

"சவூதில கரடி மாஃபி" என்று சேஃப்டி அண்ணன் பேச்சை முடித்தார். மாஃபி என்றால் அரபியில் இல்லை என்று அர்த்தம். வளைகுடாவுக்கு வருகிறவர்கள் முதலில் கற்றுக்கொள்கிற வார்த்தை அதுதான். கேட்கிறது எல்லாவற்றுக்கும் அதுதானே பதில்.

அப்படித்தான் நாங்கள் மூன்று பேரும் நீல நிற வேலை உடுப்பு, வெளிச்சம் பட்டால் மின்னுகிற மஞ்சள் சட்டை, ஷூ, கையுறை, ஹெல்மெட், இடுப்பில் கயிறும் இரண்டு கொக்கியும் வைத்த பெல்ட் எல்லாம் மாட்டிக்கொண்டு, தூண்டிலும் ஒரு பாக்கெட் இறாலுமாகக் கடற்கரைச் சாலையில் போய் இறங்கினோம். டாக்ஸிக்காரர் எங்களை இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

கடற்கரையில் நல்ல கூட்டம். குடும்பம் குடும்பமாகப் பாய் விரித்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கம்பி வேலி ஓரமாக ஏழெட்டுப் பேர் தூண்டில் போட்டிருந்தார்கள். நாங்களும் ஒரு இடம் பிடித்தோம். நான் செய்த முதல் காரியம் பெல்ட்டுக் கொக்கியை வேலிக் கம்பியில் மாட்டியது. உயரத்தில் வேலை செய்கிறவன் கை அது, யோசிக்காமலே மாட்டும். சேஃப்டி அண்ணன் பையிலிருந்து சிவப்பும் வெள்ளையுமான ரிப்பனை எடுத்து எங்களைச் சுற்றி நாலு பக்கமும் கட்டினார். அடுத்தவர் மேல் தூண்டில் முள் பட்டுவிடக் கூடாதாம்.

ரிப்பன் கட்டியதும் ஒரு அதிசயம் நடந்தது. பக்கத்தில் தூண்டில் போட்டிருந்த வங்காளத்துக்காரர் நூலைச் சுற்றிக்கொண்டு கிளம்பினார். அவரைப் பார்த்து இன்னொருவர். பாய் விரித்திருந்த குடும்பம் டீ பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு எழுந்தது. ஒரு கார் வந்து நின்று, பின்பக்கமாகவே போய்த் திரும்பியது.

வங்காளத்துக்காரர் போகிறபோது கேட்டார்: "பாய், இதர் காம் கப் கதம் ஹோகா?" இங்கே வேலை எப்போது முடியும் என்று.

"மீன் மாட்டினதும்" என்று நான் இந்தியில் உண்மையைச் சொன்னேன். அவர் நம்பவில்லை.

அந்த நேரத்தில் ஊரிலிருந்து போன் வந்தது. அங்கே நேரம் எங்களைவிட இரண்டரை மணி முன்னால் போகும். மகள் தூக்கத்தை அடக்கிக் கண்ணை அகலமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மகன் பக்கத்திலேயே தலையணையைக் கட்டிக்கொண்டு இருந்தான். போனை வேலியில் சாய்த்து வைத்தேன்.

"அப்பா, ஹெல்மெட் எதுக்கு?"

"மீன் குதிச்சா தலையில படாம இருக்கம்மா."

மகன் எல்லாவற்றையும் மேலும் கீழும் பார்த்தான். "தண்ணியில விழுந்தா மெதக்கறதுக்கு என்னப்பா போட்டிருக்கீங்க?"

நான் சேஃப்டி அண்ணனைப் பார்த்தேன். அவர் கடலூர்க்காரரைப் பார்த்தார். கடலூர்க்காரர் வானத்தைப் பார்த்தார். மூன்று பேருக்கும் நீச்சல் தெரியாது. தலை முதல் கால் வரை எல்லாம் போட்டிருந்தோம். மிதவைச் சட்டை மட்டும் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. ஆலையில் தண்ணீர் கிடையாது பாருங்கள்.

அப்போதுதான் தூண்டில் ஆடியது.

"அப்பா! சால்மன்!" என்று மகள் கத்தினாள்.

இறாலைக் கோத்துப் போட்ட தூண்டிலை வேலியில் கொஞ்சம் தள்ளிச் சாய்த்து வைத்திருந்தேன். பாய்ந்தேன். பெல்ட் என்னைப் பின்னால் இழுத்தது. கயிறு எட்டவில்லை. எங்கள் வேலையில் ஒரு கொக்கியைக் கழற்றுமுன் இன்னொன்றை மாட்ட வேண்டும், ஒரு நொடிகூடக் கட்டில்லாமல் நிற்கக் கூடாது. கை பழகிவிட்டது. ஒன்றை மாட்டி, ஒன்றைக் கழற்றி, கம்பி கம்பியாக நகர்ந்தேன். தூண்டிலும் என்னோடு போட்டி போட்டுக்கொண்டு தண்ணீர்ப் பக்கம் நகர்ந்தது.

"கொக்கிய அவுத்துட்டு ஓடு மச்சான்!" என்றார் கடலூர்க்காரர்.

"அவுக்காதே!" என்றார் சேஃப்டி அண்ணன்.

அப்போது ஒரு சவூதிக்காரர், வெள்ளை அங்கியும் செருப்புமாக வந்தவர், ரிப்பனைத் தூக்கிக் குனிந்து உள்ளே நுழைந்து, தூண்டிலை ஒரு கையால் எடுத்து, மீனைத் தூக்கிவிட்டார். விளக்கு எரியாத ஒரு கம்பத்தைச் சரிபண்ணச் சொல்லத்தான் அவர் எங்களைத் தேடி வந்திருக்கிறார்.

உள்ளங்கை அளவு மீன். குதிக்கவில்லை. வெட்கப்பட்ட மாதிரி லேசாக வாலை ஆட்டியது.

"செவப்பா இல்லியேப்பா" என்றாள் மகள். குரல் சின்னதாகிவிட்டது.

நான் கடலூர்க்காரரைப் பார்த்தேன். "மச்சான், இது என்ன மீனு?"

அவர் வெகுநேரம் உற்றுப் பார்த்தார். "கடல் மீனு" என்றார்.

சவூதிக்காரருக்கு நாங்கள் எதற்காக வந்தோம் என்று விளங்கவில்லை. "சால்மன், சால்மன்" என்று சொன்னேன். அவர் என் ஹெல்மெட்டைப் பார்த்தார், பெல்ட்டைப் பார்த்தார், ரிப்பனைப் பார்த்தார். அப்புறம் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கியவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஹினா சால்மன் மாஃபி!" என்று கையை விமானம் மாதிரி வைத்து வானத்திலிருந்து இறக்கிக் காட்டினார். இங்கே சால்மன் கிடையாது, விமானத்தில்தான் வரும் என்று சொல்கிறார்.

"மாஃபின்னா என்னப்பா?" என்றான் மகன்.

"இல்லன்னு அர்த்தம்ப்பா."

"அப்பாடா! சார்னு கூப்புடு!"

மகள் போனை விட்டு நகர்ந்துவிட்டாள். மீனை அந்த மனிதரே கடலில் விட்டார். எங்களுக்கு ஆளுக்கொரு டீயும் வாங்கிக் கொடுத்தார். ரிப்பனை அவிழ்த்தோம். அவிழ்த்த உடனே சனங்கள் திரும்பி வந்து பாய் விரித்தார்கள்.

ஆகவே பிள்ளைகளே, கேள்விக்குப் பதில். ஆபத்தா? எங்களுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை, ஆனால் அது எங்கள் கெட்டிக்காரத்தனம் இல்லை. தண்ணீருக்குப் போகிறவன் தண்ணீருக்கு வேண்டியதைப் போட வேண்டும், நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும். பிரயோஜனமா? சால்மன் குளிர்ந்த தண்ணீரில் வாழ்கிற மீன். ஜுபைலில் கோடையில் குழாயைத் திறந்தால் டீ போடலாம் போலத் தண்ணீர் வரும். அந்த ஊர்க் கடலில் அதைத் தேடுவது பாலைவனத்தில் பலாப்பழம் தேடுகிற மாதிரி. பகலோ ராத்திரியோ, கிடைக்காது.

மகளை நினைத்துத்தான் எனக்கு மனசு கேட்கவில்லை. என்னால் அவள் தோற்றாள். ஒரு வாரம் அவளிடம் சரியாகப் பேசக்கூட முடியவில்லை. அப்புறம் ஒருநாள் மகனே கூப்பிட்டான். கிட்டத்தட்ட அழுகை.

"அப்பா, அவள நிறுத்தச் சொல்லுங்கப்பா."

"ஏன்டா, நீதானே கேட்ட?"

"இன்டர்வல்ல எங்க கிளாஸ் வாசல்ல வந்து நிக்கிறா. 'சார், உங்க டவுசர் கிழிஞ்சிருக்கு சார், அம்மா தெச்சுத் தரேன்னாங்க சார்'ங்கிறா. எங்க கிளாஸ் முழுக்க என்னைய சார்ங்குது. வாத்தியாரே நேத்து, 'சார், நீங்க ஹோம்வொர்க் செஞ்சீங்களா சார்'னு கேட்டாருப்பா."

"சரி, தங்கச்சிகிட்டயே சொல்லு. பந்தயத்த விட்டுடலாம்னு."

"சொன்னேன். அக்கான்னு கூப்புட்டே கேட்டேன்."

"என்ன சொன்னா?"

பின்னாலிருந்து மகளின் குரல், மரியாதையாக, தெளிவாகக் கேட்டது.

"மாசம் முடியட்டும் சார்."